பவளத்துக்கு வார்த்த தண்ணீர்

அத்தியாயம் 6

"செத்தது பதினோரு இறால், ஒன்பது நத்தை, பதினாறு பவளம். மேடம், நம்ம ஆபீஸ் தொறந்த நாளா இவ்ளோ பொணத்தை ஒரே எடத்துல நான் பார்த்ததில்ல."

உத்திராபதி இதைக் காதோடு காதாகத்தான் சொன்னார். ஆனால் டவுன் பஸ்ஸில் இருபது வருடம் டிக்கெட் கிழித்த தொண்டை அது. காதோடு காதாகச் சொன்னாலும் செம்மண்டலம் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். ஜெயராணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கடலூரில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிற ஒரே பெண்மணி அவள். உத்திராபதி அவளுடைய ஒரே உதவியாளர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் அந்தப் பார்வைக்குப் பயப்படுவார். நாக்கைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

சுவரில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, நனைந்த முடியோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனவர்களுக்கு மாட்ட இப்படி ஒரு படத்தை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். தேர்ந்தெடுத்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

இன்னாசிராஜ், வயது அறுபத்து மூன்று. மேல்நிலைத் தொட்டிகளில் வால்வு திறந்து மூடி, முப்பது வருடம் ஊருக்கே தண்ணீர் விட்டு ஓய்வு பெற்றவர். மனைவி என்றைக்கோ காலமாகிவிட்டாள். ஒரே மகள் நித்யா மேரி பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஆலப்பாக்கம் பக்கம் ஸ்கூட்டியில் வந்தவளை ஒரு லாரி தட்டிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

அவள் விட்டுப்போனது முன்னறையில் இருந்த நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, மேலே நீல விளக்கு. ஒரு காலத்தில் அந்தப் பாறை முழுக்கப் பச்சையும் ஊதாவும் ஆரஞ்சுமாகப் பவளங்கள் அசைந்துகொண்டிருந்தனவாம். கடலில் பிடுங்கியது ஒன்றுகூட இல்லை, எல்லாம் பண்ணையில் வளர்ந்த மென்பவளம், ரசீது இருக்கிறது என்று இன்னாசிராஜ் கேட்காமலே சொன்னார். இப்போது பாறை வெளுத்துக் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பவள மொட்டுகள் பாதி மூடியபடி ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கோமாளி மீன்கள், தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல் ஜோராகச் சுற்றிவந்தன.

"அந்தப் பயதாம்மா செஞ்சது. இளவரசு," என்றார் இன்னாசிராஜ்.

"யாரு அவரு?"

"நித்யா கட்டிக்கறதா இருந்த பையன். காட்டுமன்னார்கோயில் பக்கம் சொந்த ஊரு. சிதம்பரத்துல மீன் கடை வெச்சிருக்கான், வளர்க்குற மீனு. வேற மதம், வேற சாதி. நான் ஒரு வருஷம் மொறைச்சிக்கிட்டு நின்னேன். அப்புறம் சரின்னேன். கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க நாளு கூட குறிச்சாச்சி. அதுக்கு முந்தின வாரம் அவ போயிட்டா."

"அவர் எதுக்கு இதைக் கொல்லணும்?"

இன்னாசிராஜ் தொட்டிக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். பிறகு சொன்னார். நித்யா போனதற்குப் பிறகும் இளவரசு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டானாம். மூன்று மாதத்துக்கு முன்னால் இனிமேல் வராதே என்று இவர்தான் சொல்லிவிட்டார்.

"ஏன்?"

"தொட்டிகிட்ட உக்காந்து அவகிட்ட பேசுற மாதிரியே பேசிக்கிட்டிருப்பான். நான் சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். எனக்கு அவகிட்ட அப்புடி பேச வரல. பொறாமைன்னே வெச்சிக்குங்க. சாவியக் குடுத்துட்டு போடான்னேன். மறுபேச்சு பேசாம குடுத்துட்டுப் போனான். அவன் போயி ஒரு மாசத்துல மொதல் இறால் செத்துச்சி. வஞ்சம் தீர்த்துக்குறான்."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். போலீஸுக்கு எழுதிய புகார். இளவரசுவின் பெயர் இரண்டு தடவை அடிக்கோடிடப்பட்டிருந்தது.

"இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பார்ப்பேன். நீங்க வேற பேரு சொல்லலைன்னா இதை ஸ்டேஷன்ல குடுத்துடுவேன்." தொட்டியின் மூலையில் இருந்த அந்தப் பச்சையைப் பார்த்தார். "அவ வெச்சதுல இது ஒண்ணுதான் மிச்சம். இதுவும் போயிடுச்சின்னா நான் எதுக்கும்மா காலைல எழுந்திருக்கணும்?"

உத்திராபதி ஒரு நகைச்சுவையைத் தயாராக வைத்திருந்தார். அதை அப்படியே விழுங்கினார். அவருக்கும் ஒரு மகள் உண்டு, வடலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். நல்ல காலமாக அவள் ஸ்கூட்டி ஓட்டுவதில்லை.

ஜெயராணி பேச்சை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தாள். தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குள் தண்ணீரைச் சோதிக்கும் மருந்துக் குப்பிகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நாலு குப்பிகள் பாதி தீர்ந்திருந்தன. ஐந்தாவதின் மூடி திறக்கப்படவே இல்லை. அதன் சீட்டை ஜெயராணி சத்தமாகவே படித்தாள்.

"தாமிரம். இது நம் தொட்டிக்கு வரவே கூடாது. வந்தால் முதலில் இறால் போகும், பிறகு நத்தை, பிறகு பவளம். மீன் தாங்கிக்கொள்ளும்."

அறையில் மூவரும் மீன்களைப் பார்த்தார்கள். அவை ஜோராகத்தான் இருந்தன.

"செத்துப்போன பொண்ணே வந்து சாட்சி சொல்லுது மேடம்," என்றார் உத்திராபதி. இந்தத் தடவை உண்மையிலேயே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

ஜெயராணி மூடியைத் திருகித் திறந்து, சிறு கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சீட்டில் எழுதியிருந்த கணக்குக்கு மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டாள். நிறம் மாறக் கூடாது. மாறியது.

"தண்ணி எங்கேருந்து புடிக்கிறாங்கன்னு பின்னாடி போய் பாருங்க உத்திராபதி."

பின்கட்டுச் சுவரில் நித்யா வைத்த இயந்திரம் மாட்டியிருந்தது. தண்ணீரைப் படிப்படியாக வடிகட்டி, உப்பு, இரும்பு, குளோரின் என்று எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, வெறும் தண்ணீரை மட்டும் சொட்டவிடுகிற ஆர்.ஓ. இயந்திரம். மூன்று வெள்ளைக் குழல்கள், சவ்வு பொருத்திய நீளமான மெம்பரேன் குழாய் ஒன்று, கடைசியில் பிசின் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழல் ஒன்று. மணிகளின் நிறம் மாறினால் மாற்றிவிட வேண்டும் என்று அங்கேயும் ஒரு சீட்டு. உத்திராபதி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மேடம், அந்த மெஷின்ல ஒரு சிலந்தி குடும்பம் நடத்துது. கழிவுத் தண்ணி வர்ற பைப்பு வாயிலயே வலை. பேரன் பேத்தி எடுத்திருக்கும் போல."

வேறு ஒருவராக இருந்தால் சிரித்திருப்பார். ஜெயராணி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போனாள். அங்கே குடிதண்ணீருக்கு வேறொரு ஆர்.ஓ. இயந்திரம் இருந்தது. அதன் பக்கவாட்டில் சர்வீஸ் அட்டை. கடைசித் தேதி பத்து நாளைக்கு முந்தியது. கையெழுத்து ஸ்ரீதர், சிதம்பரம்.

"இவரை நீங்க கூப்பிட்டீங்களா சார்?"

"இல்லம்மா. ஃப்ரீ சர்வீஸ்னு அவரே வந்தாரு."

"சிதம்பரத்துலேருந்தா? அவரேவா?" உத்திராபதியின் கண்கள் விரிந்தன. "கால்ல விழுந்து கூப்பிட்டாலே நாளைக்கு வரேம்பானுங்க சார். இது தானா வந்துச்சின்னா அது சர்வீஸ் இல்ல, சதி."

"எனக்கும் அப்படித்தான் படுது," என்றாள் ஜெயராணி. "பஸ்ஸுக்குக் கிளம்புங்க."

*

ஸ்ரீதரின் பட்டறை சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்ரீதர் ஒரு பழைய இயந்திரத்தின் குடலை உருவி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செம்மண்டலத்தில் இன்னாசிராஜ் வீடு என்றதும் கையிலிருந்த திருப்புளி நழுவிக் கீழே விழுந்தது.

"ஃப்ரீ சர்வீஸ் எங்க ஏரியாவுக்கும் உண்டாப்பா?" என்றார் உத்திராபதி. "எங்க வீட்டு மெஷின் ஒரு வருஷமா இருமிக்கிட்டே கிடக்குது."

"அண்ணே, நான் ஒரு தப்பும் பண்ணல."

"தப்பு பண்ணாதவன் மொத வார்த்தையிலேயே இதைச் சொல்ல மாட்டானே."

"பத்து நாளைக்கு முன்னால அங்க என்ன செஞ்சீங்க, அதை மட்டும் சொல்லுங்க," என்றாள் ஜெயராணி.

ஸ்ரீதர் எழுந்து, மூலையில் இருந்த பெட்டியைக் கிளறி, ஒரு சிறு குழலை எடுத்து வந்தான். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் மணிகள் இருந்தன.

"காப்பர் கேட்ரிஜ். தண்ணி இதுக்குள்ள பூந்து வந்தா கொஞ்சம் காப்பர் கரைஞ்சி சேரும். உடம்புக்கு நல்லதுன்னு இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. சமையக்கட்டு மெஷின்லேருந்து இதைக் கழட்டிட்டு சாதா கேட்ரிஜ் போடச் சொன்னாங்க. டேஸ்ட்டுக்காக கொஞ்சம் உப்பு விடுற திருகு ஒண்ணு இருக்கும், அதையும் முழுசா மூடிட்டு வரச் சொன்னாங்க. குடிக்க சப்புன்னு இருக்குமேண்ணேன்னு கேட்டேன். பரவால்லைன்னுட்டாரு."

"யாரு?"

ஸ்ரீதர் தரையைப் பார்த்தான். "இளவரசு அண்ணன். பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

உத்திராபதி இரண்டு கையையும் தட்டினார். "முடிஞ்சிது கேஸ்! விஷத்தை வெச்சவனே ஆள் விட்டு எடுத்துட்டான். தடயத்தை அழிக்குற வேலை. மேடம், நாலு மணி பஸ்ஸைப் புடிச்சா டீ குடிச்சிட்டே போயிடலாம்."

"வெச்சது யாருன்னு இன்னும் கேக்கலையே," என்றாள் ஜெயராணி.

"வெச்சதா? பெரியவர்தாங்க," என்றான் ஸ்ரீதர். "மெஷின் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. வாங்கும்போதே சொன்னாரு, இருக்குறதுலயே நல்ல தண்ணி வர்ற மெஷினா பார்த்துக் குடுன்னு. காப்பரோடதான் வந்துது."

சந்திலிருந்து வீதிக்கு வந்ததும் ஜெயராணி நடையைத் தளர்த்தினாள்.

"உத்திராபதி, அந்தச் சிலந்தி அங்க எவ்ளோ நாளா குடியிருக்கும்?"

"வலையில தூசி படிஞ்சி கறுத்துப் போயிருந்துச்சி. ரெண்டு மூணு மாசம் இருக்கும்."

"கழிவுத் தண்ணி வர்ற வாயில வலை நிக்கணும்னா?"

"தண்ணி வரக் கூடாது." சொல்லிவிட்டு உத்திராபதி நின்றார். "அப்போ அந்த மெஷின் மூணு மாசமா ஓடவே இல்ல. தொட்டிக்கு வேற எங்கேருந்தோ தண்ணி போயிருக்குது. சமையக்கட்டுலேருந்து." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "மேடம், அந்த வீட்ல இருக்குறது ஒரே ஒரு ஆளு."

"ஆமா."

பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். உத்திராபதி நகரவில்லை. அவரைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது.

*

இளவரசுவின் கடை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில். வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், பொன் மீன்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒட்டிவைத்த கைரேகைகள். முப்பது வயது இருக்கும் அவனுக்கு. ஒல்லியாக, நாலு நாள் தாடியோடு இருந்தான். ஜெயராணி தன் பெயரைச் சொன்ன உடனேயே கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான்.

"நான்தாங்க செஞ்சேன். எழுதிக்குங்க," என்றான்.

"என்ன செஞ்சீங்க?"

"காப்பர் கலந்தேன்."

"எப்படி? சாவி மூணு மாசமா அவர்கிட்டதானே இருக்குது?"

இளவரசு ஸ்டூலில் உட்கார்ந்தான். உத்திராபதியின் பார்வை அதற்குள் கடையின் பின்சுவருக்குப் போயிருந்தது. அங்கே இருபது லிட்டர் கேன்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மார்க்கர் பேனாவால் ஒரு தேதி. இருபது வருடம் டிக்கெட்டில் தேதி பார்த்த கண் கணக்குப் போட்டது.

"இதெல்லாம் ஞாயித்துக்கிழமை தேதியாச்சேப்பா. பதிமூணு கேன் இருக்குது."

"ஆமாண்ணே." அவன் பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து, ஒரு கேனைத் திறந்து உள்ளே நனைத்துக் காட்டினான். மூன்று பூஜ்யம் வந்தது. "தண்ணியில எதுவும் இருக்கக் கூடாது. இந்த ஜீரோ வந்ததுக்கு அப்புறந்தான் கடல் உப்பை அளந்து கலக்கணும். அவதான் எனக்குக் கத்துக்குடுத்தா. ஞாயித்துக்கிழமை ஆனா தண்ணி போட்டு வெச்சிருவேன். எடுத்துக்கிட்டுப் போக வீடு இல்ல. கை கேக்க மாட்டேங்குது."

உத்திராபதி ஒரு கேனின் மூடியைக் காரணமில்லாமல் இறுக்கினார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள் ஜெயராணி.

"மாமா போன்ல திட்டுவாரு. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கூப்பிட்டுத் திட்டுவாரு. பத்து நாளைக்கு முன்னால திட்டும்போது, நான் குடிக்கிற தண்ணியத்தான்டா அதுக்கும் ஊத்துறேன், அது எப்புட்றா சாகும்னாரு. எனக்கு அப்பவே புரிஞ்சி போச்சி." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கடலூர் போர் தண்ணி உப்பு ஜாஸ்தி. பின்கட்டு மெஷின் சீக்கிரம் அடைச்சிக்கும். ஒரு குடம் ரொம்புறதுக்குள்ள நாலு குடம் கழிவுல போவும். ஊருக்கே தண்ணி விட்டவரு, அப்படி வீணாப் போறதப் பார்க்க மனசு வரல போல. குடிக்கிற தண்ணியவிட நல்ல தண்ணி எது இருக்கப் போவுதுன்னு நெனைச்சிட்டாரு. தொட்டியில வத்துற அளவுக்குத் தினம் ரெண்டு லிட்டர் ஊத்தணும். வத்துறது தண்ணி மட்டுந்தான். காப்பர் உள்ளயே தங்கிடும். இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்னு மூணு மாசமா சேர்ந்துருக்குது."

"இதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிக்கா சொல்றது? நீங்கதான் மாமா கொன்னீங்கன்னா? அவளையே கொன்ன மாதிரி நெனைச்சிக்குவாரு. அதைத் தாங்குற உடம்பா அது?" அவன் மீட்டரைத் துடைத்து மூடினான். "திட்றதுக்காவது கூப்பிடுறாரு. அதுவும் நின்னுபோச்சின்னா அவருக்குப் பேச யாரு இருக்கா? எனக்குந்தான் யாரு இருக்கா? என் பேரையே சொல்லிடுங்க."

"ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன்னு நிக்கிறாரு."

"போகட்டும். பார்த்துக்கலாம்."

இளவரசு எழுந்து இரண்டு கேன்களில் உப்பை அளந்து கலக்க ஆரம்பித்தான். காப்பரை உறிஞ்சுகிற கரிப் பை ஒன்றையும் கட்டிக் கொடுத்தான். மிச்சமிருக்கிற பச்சை பாதி மூடிவிட்டது என்று உத்திராபதி சொன்னதும் அவன் கை வேகமெடுத்தது. "இன்னைக்கே இந்த நாப்பது லிட்டரை மாத்திடணும்ணே. நாளைக்கின்னா இருக்காது."

பஸ்ஸில் கேன்களைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் உத்திராபதி. புதுச்சத்திரம் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய வரலாற்றில் இது பெரிய செய்தி.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம் மேடம்," என்றார் கடைசியில். "மெஷின் மேல பழி போட்டா அது அழவா போவுது?"

"நானும் அதைத்தான் நெனைச்சிக்கிட்டிருக்கேன்," என்றாள் ஜெயராணி.

*

ஐந்தே முக்காலுக்கு அவர்கள் உள்ளே நுழைந்தபோது இன்னாசிராஜ் சலவைச் சட்டை போட்டு, செருப்பு மாட்டி, புகாரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பேரு கிடைச்சிதாம்மா?"

"யாரும் எதுவும் கலக்கல சார். மெஷின் கோளாறு."

"எந்த மெஷினு?"

எத்தனையோ திருடர்களை, எத்தனையோ புருஷன்மார்களைப் பொய் சொல்லியே மடக்கியவள் ஜெயராணி. அந்த ஒரு கேள்விக்கு அவளுக்கு வாய் வரவில்லை. உத்திராபதி முந்திக்கொண்டார். நல்லது செய்கிற அவசரத்தில் அந்தச் சிலந்தியை மறந்துபோனார்.

"பின்கட்டுல இருக்குதே சார், அந்த மெஷின்தான். உள்ள துருப்புடிச்சி காப்பர் எறங்கியிருக்குது."

"அதை நான் மூணு மாசமா ஓட்டவே இல்லையே தம்பி."

சொல்லி முடித்ததும் இன்னாசிராஜ் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பினார். முப்பது வருடம் தண்ணீரோடு வாழ்ந்த மனிதருக்கு, ஒரு குழாயின் தலையும் வாலும் தெரிந்துவிட்டால் நடுவில் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் மருந்து நிறம் மாறியதை அவரும் பார்த்து, இளவரசு கலந்தது என்றே நினைத்திருந்தார். தன் இயந்திரத்தில் காப்பர் இருப்பதும் அவருக்குத் தெரியும்.

"காப்பர்," என்றார். "நான் ஊத்துனதா."

உத்திராபதிக்குத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. இன்னாசிராஜ் அழுவார் என்று எதிர்பார்த்தார். அவர் அழவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ முகவரி சொல்வது போல நிதானமாகப் பேசினார்.

"ஆஸ்பத்திரியில அவளுக்கு மத்தியானம் ஆபரேஷன், காலைலேருந்து வாயில தண்ணி படக் கூடாதுன்னுட்டாங்க. அப்பா தண்ணி, அப்பா தண்ணின்னா. ஒரே ஒரு மடக்குப்பான்னா. நான் குடுக்கலம்மா. பஞ்சை நனைச்சி உதட்டுல ஒத்தினேன். அந்தப் பஞ்சை வாயில கவ்வப் பார்த்தா. வெடுக்குனு புடுங்கிட்டேன். மூணு மணிக்கு உள்ள கொண்டு போனாங்க. அவ்ளோதான்."

ஜெயராணி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறந்தான் அந்த மெஷினை வாங்கினேன். இருக்குறதுலயே நல்ல தண்ணி வேணும்னு கேட்டு வாங்கினேன். அந்தப் பையனை நிறுத்தினதுலேருந்து காலைல மொதல்ல புடிக்கிற தண்ணி இவளுக்குத்தான். அப்புறந்தான் நான் குடிப்பேன். அன்னைக்குக் குடுக்கல, போயிட்டா. இன்னைக்குக் குடுத்தேன், இதையும் கொன்னுட்டேன். நான் என்னதாம்மா செஞ்சிருக்கணும்?"

உத்திராபதி கேன்களைத் தூக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அவற்றின் கழுத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு இன்னாசிராஜே கேட்டார்.

"அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"பத்து நாளா தெரியும் சார். அவர்தான் ஆள் அனுப்பி உங்க மெஷின்லேருந்து காப்பரைக் கழட்டச் சொல்லியிருக்காரு. உங்ககிட்ட தன் பேரையே சொல்லச் சொன்னாரு."

இன்னாசிராஜ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஒரே ரிங்கில் அந்தப் பக்கம் இளவரசு எடுத்துவிட்டான்.

"மாமா, அவுங்க வந்துட்டாங்களா? நான்தான் மாமா கலந்தேன். கோவத்துல செஞ்சிட்டேன். நீங்க என்ன வேணும்னாலும்..."

"பொய் சொல்லாதப்பா," என்றார் இன்னாசிராஜ்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அது அழுகையாக மாற வெகுநேரம் ஆகவில்லை. இன்னாசிராஜ் அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"நீ குடுத்துவிட்ட தண்ணி வந்துருக்குது. நீயே வந்து ஊத்திடு. என் கையால இனிமே ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்."

"நான் வர ஒன்றரை மணி நேரம் ஆவும் மாமா. மொட்டு எப்படி இருக்குது?"

உத்திராபதி குனிந்து பார்த்தார். காலையில் பாதி மூடியிருந்த மொட்டுகள் இப்போது முக்கால்வாசி மூடியிருந்தன. அதை அப்படியே சொன்னார்.

"அப்போ காத்திருக்க முடியாது," என்றான் இளவரசு. "மொதல்ல பம்ப்பை நிறுத்துங்க. நாப்பது லிட்டர் எடுத்துடுங்க. அப்புறம் மெதுவா ஊத்துங்க. மாமா, நீங்கதான் ஊத்தணும். அண்ணனுக்கு எந்த எடத்துல ஊத்தணும்னு தெரியாது."

"என்னால ஆவாதுடா."

"அது வெறும் தண்ணி மாமா. நான் போட்டது. நான் பார்த்துட்டுத்தான் குடுத்தேன். ஊத்துங்க."

உத்திராபதி குழாயை வைத்துத் தண்ணீரை வாளியில் இறக்கினார். ஜெயராணி கரிப் பையைத் தண்ணீருக்குள் போட்டாள். பிறகு கேனைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் குவளையை நிரப்பி இன்னாசிராஜிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. போனிலிருந்து இளவரசுவின் குரல் இன்னொரு தடவை "மாமா" என்றது. புகாரை நாற்காலியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் குவளையை வாங்கிக்கொண்டார். பாதித் தண்ணீர் சலவைச் சட்டையில் சிந்தியது. பச்சை இருந்த மூலைக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடி விளிம்பில் குவளையைச் சாய்த்தார். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது.

"குடிம்மா," என்றார் இன்னாசிராஜ்.